நான்காம் இலக்க மணி

3 அக்டோபர் 1932, திங்கள்

டிசம்பரோடு தொழிற்பாடசாலைப் படிப்பு முடிகிறது. மின்சார வகுப்பில் பதினாறு பேரும் ரயில்வேக்கு மனுப் போட்டோம். பதினாறு பேருக்கும் ஒரே பதில்: ஆள் குறைக்கிறோம். தேயிலைத் தோட்டத்து ஆட்களையே ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பும் காலத்தில் எங்களுக்கு யார் வேலை வைத்திருக்கிறார்கள்?

நான் மனு எழுதுவதை விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கொழும்பு வீதியில் நம் முஸ்லிம்களுக்குக் கீழே கடை, மேலே வீடு. மேலே உள்ள பெண்கள் கீழே ஆளைக் கூப்பிட வேண்டும். குரல் அந்நியர் காதில் விழவும் கூடாது. அதற்கு மின்சார மணியை விட்டால் வேறு என்ன? எந்த மாஸ்டருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. ராஜலிங்கத்தைக் கூட்டுச் சேர்த்தேன். என் வகுப்புத்தான், மடுல்கெல்லைக்காரன். வாய் அதிகம், வேலை சுத்தம்.

9 அக்டோபர், ஞாயிறு

முதல் வீடு! ஜவுளிக்கடை ஜமால்தீன் ஹாஜியார். மேலே ஆறு அறைக்கும் பொத்தான். கீழே கடையில் மணி. எந்த அறை கூப்பிடுகிறது என்று காட்ட இலக்கப் பலகை.

பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஹாஜியாரின் மைத்துனி மட்டும் திரைக்குப் பின்னால் நின்று கேள்வி மேல் கேள்வி. றலியா என்று பெயர், கணவர் இல்லை. "தம்பி, இத அமுக்கினா அங்க எப்படி அடிக்கிது?" உள்ளே இரண்டு கம்பி தொட்டுக்கொண்டால் அடிக்கும் என்றேன். நான்காம் அறை அவருடையது. தானே மூன்று முறை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். முகம் தெரியாது. நல்ல சிரிப்பு.

20 அக்டோபர், வியாழன்

ஹாஜியார் சொன்னார்: "ஒரு மாசம் பழுதில்லாம ஓடட்டும் மகன். இன்னும் மூணு கடைக்கு நானே சொல்லித் தாறேன்." மூன்று கடை! அது கிடைத்தால் இனி எவன் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

வீதியெல்லாம் பெரியம்மைப் பேச்சு. வீட்டில் நோயாளி இருந்தால் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கடையையே பூட்டிவிடுகிறாராம்.

26 அக்டோபர், புதன்

ஹாஜியார் ஆள் அனுப்பினார். நான்காம் மணி தானாக அடிக்கிறதாம். "அந்த அறயில ஒத்தரும் இல்ல. றலியா கம்பளைக்குப் போய் ஒரு கிழமயாகுது." போய்ப் பார்த்தேன், கதவில் பூட்டு. விடாத மழை, கம்பியில் ஈரம் இறங்கியிருக்கும் என்றேன்.

கீழே நாங்கள் நிற்கும்போதே அடித்தது. மூன்று முறை. நின்றது. மறுபடி மூன்று. துணி அளந்துகொண்டிருந்த கடையாளின் கை நின்றது. யாரும் மேலே பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் ராஜலிங்கம், "ஏன்டா தாஸிம், ஈரம் எண்ணி எண்ணியா அடிக்கும்?" என்றான். எலியாக இருக்கும் என்றேன்.

27 அக்டோபர்

ஈரத்தில் கம்பிகள் ஒட்டினால் மணி விடாமல் அடிக்கும், மின்கலம் தீரும்வரை. வகுப்பில் முதல் மாதமே படித்தது.

எலி?

28 அக்டோபர், வெள்ளி

ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சரியாக்கித் தாங்க மகன். சனம் கேக்குது." கண்கள் சிவந்திருந்தன. அறையைத் திறங்கள், பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மூன்று கடை — அதுவும் வந்தது.

பலகைக்குப் பின்னால் நான்காம் கம்பியை வெட்டினேன். ஒரு நொடி வேலை. ராஜலிங்கம் கடைக்குள் வராமல் மழையில் நின்றான்.

29 அக்டோபர்

மணி அடிக்கவில்லையாம். ஹாஜியாருக்குச் சந்தோஷம்.

6 நவம்பர், ஞாயிறு

றலியா மௌத்தாகிவிட்டார். கம்பளையில் என்றார் ஹாஜியார். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, அந்தப் பொத்தானைக் கழற்றிவிடு என்றார்.

உள்ளே சுண்ணாம்பும் பெனைலும் மூச்சை அடைத்தன. பொத்தானைச் சுற்றி மட்டும் வெள்ளையடிக்கவில்லை. அதன் மூடி பிடுங்கப்பட்டுக் கம்பிகள் தொங்கின. இரண்டு நுனியிலும் நூலுறை பல்லால் கடித்து எடுக்கப்பட்டிருந்தது. வெறுங்கம்பி இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தன. என் நகத்தால் பிரிக்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கம்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். யா அல்லாஹ், தெரிஞ்சுதானே வெட்டினேன்!

7 நவம்பர்

கம்பித் துண்டை ராஜலிங்கத்திடம் காட்டினேன். ஒரு முறைதான் பார்த்தான். "வா, சுகாதார இன்ஸ்பெக்டர்கிட்ட போறோம்." நான் எழும்பவில்லை. "அப்ப இந்தக் கூட்டு நமக்கு வேணாங்க" என்றான். என்னை 'டா' போட்டே பேசுகிறவன்.

அவன் மட்டும் போனானா, தெரியாது. கடை திறந்தே இருக்கிறது.

12 பெப்ரவரி 1933, ஞாயிறு

ஹாஜியார் சொல் தவறவில்லை. மூன்று கடையும் முடிந்து, இப்போது கம்பளையிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். மணியோடு இன்னொன்றும் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்தி: ஹாஜியார் வீட்டில் செய்தது போல, வேண்டும்போது ஒரு அறையின் மணியை மட்டும் நிறுத்த முடியுமா?

ஒவ்வொரு தடவையும் கம்பியை வெட்டுவது வீண். பலகைக்கு அடியில் சின்னச் சுவிட்சு ஒன்று அமைத்திருக்கிறேன், வெளியே தெரியாது. பழைய மாஸ்டர் பார்த்துவிட்டு, வகுப்பிலேயே எனக்குத்தான் தொழில் மூளை என்றார்.

இன்று ஐந்தாவது சுவிட்சைப் பொருத்தினேன். எந்த அறைக்கு என்று கேட்டேன். அந்த அறையில் யார் என்று கேட்கவில்லை.