கேபிளைக் கழற்றிய பின்னும் பச்சை

செவ்வாய் இரவு

படுத்தேன், தூக்கம் வரவில்லை. எழுந்து எழுதுகிறேன்.

இன்று பத்து காவான் என்ற ஊரிலுள்ள எங்கள் ஆபீசில், எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் எங்கள் பெட்டியைச் சோதித்தேன். அதன் யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரிலிருந்து கேபிளைக் கழற்றினேன். கேபிள் என் கையில் தொங்குகிறது, பெட்டியில் இணைப்பு இருப்பதாகப் பச்சை விளக்கு எரிகிறது.

அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. கேபிளைப் பிடுங்கினால் அடாப்டரின் சிப் தூங்கிவிடுகிறது. டிரைவர் கேட்டால் பதில் வருவதில்லை. பதில் வராவிட்டால் கடைசியாக வந்த பதிலையே வைத்துக்கொள்ளும்படி நாங்கள்தான் எழுதினோம். விளக்கு சும்மா சும்மா சிவப்பாகிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டினார்களே, அதற்காக.

மேனேஜரிடம் காட்டினேன். "நாளைக்குப் பாக்கலாம்லா. யாரு போயி கேபிளப் புடுங்கப் போறா?" என்றார்.

யாரும் பிடுங்க வேண்டாம். எலி கடித்தால் போதும்.

மாக் மண்டினில் அண்ணன் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலும் இதே பெட்டிதான். கசிந்தால் அதுதான் அந்தக் கேபிள் வழியாகக் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்டுக்குக் கிளம்பியவரைப் போனில் பிடித்தேன்.

"அண்ணே, உங்க பெட்டியில பச்சை எரியுதா?"

"எரியுதும்மா. மாட்டுன நாள்லேருந்து பச்சைதான். ஒரு தடவகூட சிவப்பு வந்ததில்லலா."

"உள்ள போனதும் கேபிளக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கண்ணே. பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்றேன். சரி என்றார்.

இன்னும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வேலையாக இருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் டிரைவரும் அப்படித்தான் நினைக்கிறது.