வெள்ளிக்கிழமைச் சூடு

17 பிப்ரவரி 2025, திங்கள்

எம்.டி. சுரேந்தர் காலையிலேயே கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கோபம் வந்தால் இவருக்குக் குரல் தணியும், அதுதான் பயம்.

"கிருஷ்ணன், டிசம்பர்ல ஒரு ஹார்ட் டிஸ்க் போச்சு. போன வெள்ளிக்கிழமை இன்னொண்ணு. மூணு மணி நேரம் பில் போட முடியாம கேட்ல ஆறு லாரி நின்னுச்சு. போறதுக்கு முன்னாடியே சொல்ற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க."

மூன்று வருஷமாக நான் கேட்டதும் இதைத்தான். லாரி நின்ற பிறகுதான் காது கேட்டிருக்கிறது.

இந்த பம்ப் கம்பெனியில் பதினாலு வருஷமாக சர்வர்களைப் பார்ப்பவன் நான். மூன்று சர்வர், ஒரு யு.பி.எஸ்., ஒரு ஏ.சி., பத்துக்கு எட்டில் ஓர் அறை. செருப்புக் காலோடு யாரையும் உள்ளே விடுவதில்லை. அந்த அறையில் ஒன்று கெட்டால் என் பெயர் கெட்ட மாதிரி.

19 பிப்ரவரி

சர்வர்களின் உடல்நிலையைப் பார்த்துச் சொல்லும் மென்பொருளை இன்று ஏற்றினேன். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு சில்லு இருக்கிறது. சூடு, ஃபேன் வேகம், டிஸ்க் நிலை எல்லாம் அதற்குத் தெரியும். இத்தனை நாள் அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இரண்டு சர்வர் உடனே பேசின. மூன்றாவதற்குப் பாஸ்வேர்ட் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆளை ஒரு மணி நேரம் மனதுக்குள் திட்டினேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், சர்வரின் முதுகில் ஸ்டிக்கர். என் கையெழுத்து.

20 பிப்ரவரி

எச்சரிக்கை அளவை 25 டிகிரி என்று வைத்துத் தொலைத்தேன். சாயங்காலத்துக்குள் 214 மெயில். சண்முகப்பிரியா சொன்னாள்: "ஏனுங்க, அந்தப் போனை எங்காச்சும் தூக்கி வைங்க. சமையக்கட்டு வரைக்கும் கேக்குது." முப்பத்தெட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

காலையில் சர்வர் அறையில் வழக்கமான வெள்ளிக்கிழமை பூஜை. சந்தனம், குங்குமம், சாம்பிராணி, கற்பூரம். பொட்டு வைக்காமல் எந்த மெஷினையும் நான் நம்புவதில்லை. ஆபீஸ் முழுக்கப் பொரிகடலை கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மத்தியானம் ஒன்றே முக்காலுக்குக் கேன்டீனில் இருக்கும்போது மெயில்: 38 டிகிரி. கை கழுவியும் கழுவாமலும் ஓடினேன். அறைக்குள் அனல். தேவதாஸ் ஏ.சி. ரிமோட்டோடு நின்றிருந்தார்.

தேவதாஸ் எங்கள் எலக்ட்ரீஷியன். பதினோரு வருஷம். ஏ.சி., யு.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. ரிமோட் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். தினமும் இரண்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டுக் கதவோரம் தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

"என்னங்க தேவதாஸ் இது?"

"ஒன்னுமில்லீங்ணா. இப்ப சரியாயிருமுங்ணா."

நோட்டைப் புரட்டினேன். மற்ற நாளெல்லாம் "சரி". வெள்ளிக்கிழமை மட்டும் "ஏ.சி. 20-க்கு வைத்தேன்". போன வெள்ளி, அதற்கு முந்தின வெள்ளி, ஜூலை வரைக்கும் பின்னால் போகிறது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார். அப்போது ஏ.சி. நின்றிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்து பூசி மெழுகுகிறார். இரண்டு டிஸ்க்கும் வெள்ளிக்கிழமைதான் போயின. வேறு என்ன வேண்டும்?

24 பிப்ரவரி

எம்.டி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம், நோட்டின் நகலோடு. எழுதும்போது கை நன்றாகத்தான் ஓடியது.

27 பிப்ரவரி

ரூபினா மேடம் — ஆட்கள் பிரிவைப் பார்ப்பவர் — விளக்கம் கேட்டதற்குத் தேவதாஸ் எழுதிய பதிலைக் காட்டினார். "இனிமேல் கவனமாக இருக்கிறேன்." அவ்வளவுதான். மறுக்கவில்லை, காரணம் சொல்லவில்லை.

"சார், இப்படி எழுதினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வேலைக்கே வேட்டுங்க. அவர் பொண்ணு ஆஷ்லி நர்சிங் ரெண்டாவது வருசம் படிக்குது, தெரியுமுங்களா?"

தெரியும். அதற்கு நான் என்ன செய்ய? என் மேல் பழி வந்திருந்தால் எனக்காக யார் பேசியிருப்பார்கள்?

28 பிப்ரவரி, வெள்ளி

இன்று பூஜையில் கற்பூரம் ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. ஏ.சி. காற்று பட்டால் நடுவிலேயே அணைந்துபோகும். அன்றைக்கெல்லாம் மனசு சரியாக இருக்காது. சுவரில் இருக்கும் சுவிட்சை அஞ்சு நிமிஷம் அணைத்துவிட்டால் சுடர் ஆடுவதில்லை.

இரண்டு மணிக்கு முன்பே போய் நின்றேன். மறுபடி 38. தேவதாஸ் வந்தார், ரிமோட்டை அழுத்தினார். கையும் களவுமாகப் பிடித்தது போல எனக்கு ஒரு திருப்தி.

நோட்டில் எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கிருஷ்ணண்ணா, உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும்..." என்று ஆரம்பித்து, சர்வரின் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். "ஒன்னுமில்லீங்ணா," என்று போய்விட்டார்.

சொல்ல வந்தவர் ஏன் நிறுத்தினார்? கெஞ்ச வந்திருப்பார்.

3 மார்ச்

தேவதாஸ் சஸ்பெண்ட். விசாரணை பன்னிரண்டாம் தேதி. அதோடு முடிந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். ரிமோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

5 மார்ச்

காலையில் போத்தனூர் சர்ச் வாசலில் அவரைப் பார்த்தேன். சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல். வண்டியை மெதுவாக்கினேன். "வணக்கம் சார்," என்றார். பதினோரு வருஷத்தில் என்னை சார் என்றது இதுதான் முதல் தடவை.

நாள் பூராவும் அது காதிலேயே இருந்தது.

6 மார்ச்

இதுவரை எச்சரிக்கை மெயில் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. இன்று வரைபடம் காட்டும் பகுதியையும் போட்டு முடித்தேன். நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. மூன்று சர்வருக்கும் மூன்று கோடு, எல்லாம் ஒழுங்காகப் படுத்துக் கிடக்கின்றன. எம்.டி.யிடம் காட்டினேன். "இதைத்தான் கேட்டேன்," என்றார்.

7 மார்ச், வெள்ளி

தேவதாஸ் இல்லை. ஜெனரேட்டர் ஓட்ட இன்று ஆளே இல்லை.

பதினோரு மணிக்குச் சும்மாதான் வரைபடத்தைத் திறந்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது. எங்கிருந்து ஏற ஆரம்பித்தது என்று பின்னால் போய்ப் பார்த்தேன். 9.42. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு யார் உள்ளே போனார்கள்?

நான். பூஜைத் தட்டோடு.

அறைக்குப் போனேன். ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. விளக்கு எரிகிறது, காற்று வருகிறது. கையை நீட்டிப் பார்த்தால் வெறும் காற்று, குளிர் இல்லை. ரிமோட்டை அழுத்திக் குளிரில் வைத்தேன். பத்தே நிமிஷத்தில் கோடு இறங்கியது. சந்தேகம் தீராமல் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துத் திருப்பிப் போட்டேன். மறுபடியும் வெறும் காற்று.

அப்போ நாந்தானா? அஞ்சு நிமிஷம் அணைச்சுப் போட்டேன், திருப்பிப் போட்டேன், வெளக்கு எரிஞ்சுது, போயிட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும். ஜூலையிலிருந்து. ரெண்டு டிஸ்க்கையும் தின்னது நானு. அந்த மனுசன் வாரா வாரம் வந்து பேசாம சரி பண்ணிட்டுப் போயிருக்காரு. நான் அதையே நகல் எடுத்து அவரு கழுத்துக்குக் கயிறு திரிச்சிருக்கேன். ஒரு வார்த்தை கேக்கல. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

8 மார்ச், சனி

போத்தனூர் போனேன். தேவதாஸின் மனைவி சூசைமேரி கதவைத் திறந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வாங்க, உக்காருங்க," என்று காபி கொண்டு வந்து வைத்தார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

தேவதாஸிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதெல்லாம் புதிது இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஜூலைல ஏ.சி. போர்டு மாத்துனோமுங்கல்ல சார். அதுல இருந்தே கரண்டு போயி வந்தா அது குளிரை மறந்துருமுங்க. உள்ள வந்தா சாம்பிராணி வாசம் வருமுங்க. புரிஞ்சுபோச்சு."

"ஜெனரேட்டர்?"

"அதை லோடு குடுக்காமத்தானுங்க ஓட்டுவேன். ஏ.சி.க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"ஏன் தேவதாஸ் ஒரு வார்த்தை சொல்லல? விளக்கம் கேட்டப்பகூட எழுதலையே?"

சூசைமேரிதான் சொன்னார்: "எப்படிங்க சொல்றது? நீங்க பண்ற பூசைலதான் கெட்டுப்போகுதுன்னு இவரு வாயால சொன்னா, அது வேற பேச்சாயிருமுங்களே."

தேவதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குப் பக்தி சார். நான் ரெண்டு மணிக்கு வந்து ஒரு பட்டன் அமுக்குனா முடிஞ்சுது. பெருசு பண்ண வேண்டாம்னு நெனச்சேன். வாரா வாரம் சூடு ஏறி ஏறித்தான் டிஸ்க் தாங்கல. அன்னிக்கிச் சொல்லலாம்னு வாய் எடுத்தேனுங்க. வார்த்தை வரலீங்க."

ஒரு பட்டனை எட்டு மாசம் எனக்காக அமுக்கியிருக்கிறார். காபி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்துவிட்டு, "திங்கக்கெழமை பேசிர்றேன், வாரேனுங்க," என்று எழுந்தேன்.

9 மார்ச்

சண்முகப்பிரியாவிடம் சொன்னேன். சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "உங்க வேலைக்கு ஒன்னும் ஆவாதுங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, "ஆனாலும் சொல்லிப்போடுங்க," என்றாள்.

10 மார்ச்

வரைபடத்தை அச்சடித்து எம்.டி. முன்னால் வைத்தேன். 9.42-ஐச் சிவப்பு மசியில் வட்டமிட்டிருந்தேன். பக்கத்தில் எழுதியிருந்தேன்: "பூஜைக்காக ஏ.சி.யை அணைத்தது நான். சென்னகிருஷ்ணன்."

குரல் தணிந்தது. "ஏனுங்க கிருஷ்ணன், ஏ.சி. போர்டு கோளாறுன்னே முடிச்சுக்கலாமே. அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட விட்டர்லாம். பூஜைன்னெல்லாம் எழுதினா கம்பெனியை ஆரம்பிச்ச எங்கப்பா காதுக்குப் போகும். நீங்க பதினாலு வருசம்."

நல்ல வழிதான். எனக்கு ஒன்றும் ஆகாது. தேவதாஸுக்கும் வேலை போகாது, ஒரு கடிதம் மட்டும் ஃபைலில் கிடக்கும். வாயைத் திறக்கும்வரை சரி என்று சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

"கடுதாசி குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க," என்றேன். அச்சடித்த தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

11 மார்ச்

கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷ ஊதிய உயர்வு எனக்குக் கிடையாது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

12 மார்ச்

விசாரணை இல்லை. தேவதாஸ் வேலைக்கு வந்துவிட்டார். ரிமோட்டைக் கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்," என்றார்.

இன்னும் சார்தான். ஒரு மன்னிப்பில் அண்ணனாகிவிட முடியுமா என்ன? எச்சரிக்கை மெயில் முதலில் போகும் இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டேன். மெயில் அவருக்குப் பழக்கமில்லை. போனில் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன்.

14 மார்ச், வெள்ளி

பூஜையைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டேன். சர்வர்களுக்குப் பொட்டு மட்டும் முன்பே உள்ளே போய் வைத்தாயிற்று. வராந்தாவில் மின்விசிறிக் காற்று. கற்பூரம் இரண்டு தடவை அணைந்தது.

மூன்றாவது குச்சி உரசும்போது மின்விசிறி நின்றது. திரும்பினேன். தேவதாஸ் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். நான் காட்டி முடிக்கும்வரை கையைச் சுவிட்சிலேயே வைத்திருந்தார். சுடர் நேராக நின்றது.

"ஆச்சுங்களாண்ணா?" என்றார்.

ஆச்சு என்றேன். விசிறியைப் போட்டார். பொரிகடலை கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் போனார்.

இரண்டரைக்கு நோட்டைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. அவர் கையெழுத்து. "சரி."