முந்தி போடாத புடவை

என் தங்கம் கல்பனாவுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதியே பழகிய கை இது. உனக்கு அப்படி எழுத வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாது. நான் நன்றாக இல்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாளைக் காலை நிர்வாகக் குழுக் கூட்டம். நம் சொசைட்டி ஆபீஸ் சுவரில் நீ ஒட்டிவிட்டுப் போன படத்தை நான் எல்லாருக்கும் விளக்க வேண்டும். விளக்கத் தெரியாவிட்டால் அதைக் கழற்றிவிடுவார்கள். மெட்ராஸ் கம்பெனி ஒன்று புது சாப்ட்வேரோடு தயாராக நிற்கிறது. கல்யாண ஆர்டர் பிரிவையே மூடிவிட்டு, கடையில் அடுக்கி வைத்து விற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார் தலைவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டடித்த உன் அப்பன்தான் இதையெல்லாம் தடுத்து நிறுத்தப் போகிறவன். யோசித்துப் பார். எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் நெஞ்சுக்குள் தறிக்கட்டை இடிக்கிற மாதிரி இருக்கிறது.

இந்தக் கடிதம் என்றைக்காவது வேறு நாலு பேர் கையிலும் கிடைக்கலாம். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ ஏனாத்தூரில் கம்ப்யூட்டர் படித்து, மெட்ராஸில் வேலைக்குப் போனாய். லீவு நாளில் வீட்டுக்கு வந்தால் படுத்துத் தூங்காமல் நான் மேலாளராக இருக்கும் பட்டு சொசைட்டிக்கு என் பின்னாலேயே வருவாய். அங்கே மூன்று கம்ப்யூட்டர். ஷோரூமில் ஒன்று, உற்பத்திப் பிரிவில் ஒன்று, ஜரிகை ஸ்டோரில் ஒன்று. ஷோரூம் மெஷினுக்குப் புடவை தெரியும், தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவு நூல் தெரியாது. உற்பத்தி மெஷினுக்குப் பாவு தெரியும், யாருடைய கல்யாணம் என்று தெரியாது. ஸ்டோர் மெஷினுக்கு எடை மட்டும்தான் தெரியும். மூன்றும் பொய் சொல்லவில்லை. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றோடொன்று பேசாமல் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான்.

"இதை ஒண்ணா சேக்கறதுக்கு ஒரு முறை இருக்குதுப்பா. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்னு பேரு" என்றாய்.

"ஆர்க்கிடெக்ட்டுன்னா வீடு கட்டறவராச்சே. மழை வந்தா ஆபீஸ் மாடி ஒழுகுது, அதையும் பாத்துடும்மா" என்றேன்.

நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் அன்றைக்கே சார்ட் பேப்பர் வாங்கி வந்தாய்.

இரண்டு படம் போட்டாய். ஒன்றின் தலைப்பு 'இன்று'. மற்றொன்று 'வேண்டியது'. இரண்டிலும் மேலிருந்து கீழாக நான்கு வரிசை, வரிசைக்கு ஒரு தாள். நாம் எதற்காக இருக்கிறோம், அதற்கு என்ன வேலை செய்கிறோம், அந்த வேலைக்கு யாருக்கு என்ன தெரிய வேண்டும், அதைச் சொல்ல எந்த மெஷின். மேல் வரிசைக்கு என்ன எழுதுவது என்று என்னைத்தான் கேட்டாய்.

"சொசைட்டி எதுக்குப்பா இருக்குது?"

"புடவை விக்கறதுக்கு."

"புடவைய யாரு வேணா விப்பாங்க. நம்மகிட்ட ஏன் வராங்க?"

தலையைச் சொறிந்துகொண்டு சொன்னேன். "கல்யாணப் பொண்ணு கேட்ட நிறத்துல, கேட்ட முந்தியோட, முகூர்த்தத்துக்கு முன்னாடி புடவை வீட்டுக்குப் போய்ச் சேரணும். அதுக்குத்தான்."

அதை அப்படியே எழுதிக்கொண்டாய். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாய். "அப்ப முகூர்த்தத் தேதி எந்த கம்ப்யூட்டர்ல இருக்குது?"

எதிலும் இல்லை. ஆர்டர் கொடுத்த தேதி இருந்தது. பில் தேதி இருந்தது. கல்யாணத் தேதிக்கு இடம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. "மெஷினை வாங்கி வெச்சிக்கினு அதுக்கு வேலை தேடறீங்கப்பா" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. மேலாளர் இல்லையா, காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காற்றில் 'இன்று' படத்தின் தாள்கள் நாலும் விழுந்துவிட்டன. நான்தான் ஏணி போட்டு மறுபடி ஒட்டினேன். மெஷின் வரிசை மேலேயும், எதற்காக இருக்கிறோம் என்பது கடைசியிலும் போய்விட்டது. தலைவர் பார்த்துவிட்டு, "இப்பதான்யா அழகா இருக்குது" என்றார். நீ வந்து பார்த்து, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாய். "விடுங்கப்பா. 'இன்று'க்கு இதுதான் சரி" என்று அப்படியே விட்டுவிட்டாய். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

'வேண்டியது' படத்தில் மேல் வரிசை மட்டும் நிரம்பியது. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு மேல் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. மூன்று தாள் காலியாக இருக்கிறது கல்பனா. தினமும் அதற்கு எதிரேதான் என் நாற்காலி. வெறும் காகிதம் ஒரு மனுஷனை இப்படிப் பார்க்குமா?

போன வாரம் தாமலிலிருந்து ஒரு அப்பா வந்தார். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை ஆர்டர் கொடுத்தவர்; அரக்கு உடல், பச்சைக் கரை, யாளி முந்தி. பெண் பெயர் வளர்மதி. முகூர்த்தம் நெருங்கிவிட்டது.

"எப்ப வந்தாலும் உற்பத்தியில இருக்குது, உற்பத்தியில இருக்குதுன்றீங்க. எம் பொண்ணு பழைய புடவைய கட்டிக்கினு மணையில குந்தணுமா சார்?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

கம்ப்யூட்டர் பார்க்கும் தேவகியைக் கூப்பிட்டேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உற்பத்தியிலதான் சார் காட்டுது" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். அந்தப் புடவைக்கான பாவு நம் நெசவாளி முனுசாமி தறியில் ஏறியிருந்தது.

தறி மேல் துணி போர்த்தியிருந்தது.

"இன்னாய்யா முனுசாமி, தறிக்கு ஜுரமா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைந்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் பெண்சாதி சரோஜா எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"மேனேஜரண்ணா, உடல் நெய்ஞ்சி முடிச்சிட்டோம். முந்திதான் பாக்கி. கை ஓடலண்ணா."

"ஏன், ஜரிகை வரலையா?"

"ஜரிகை வந்து கெடக்குது. இது நம்ம பாப்பா பொடவைண்ணா."

ஒரு பாவில் மூன்று புடவை வரும். மூன்றுக்கும் ஒரே உடல் நிறம், ஒரே கரை. முந்தியில்தான் ஒரு பெண்ணின் புடவை இன்னொரு பெண்ணின் புடவையிலிருந்து பிரியும். இந்தப் பாவில் இரண்டாவது தாமல் பெண்ணுடையது, மூன்றாவது செவிலிமேட்டுப் பெண்ணுடையது. முதலாவது உன்னுடையது. ஞாபகமிருக்கிறதா? மாப்பிள்ளையே பார்க்காமல் மகளுக்கு முகூர்த்தப் புடவை ஆர்டர் போட்ட ஒரே அப்பன் இந்தக் காஞ்சிபுரத்தில் நான்தான். "தேதி இல்லாத ஆர்டரா? உங்க மேல் வரிசையே காலிப்பா" என்று நீ கேலி செய்தாய். ஆனால் அரக்கு நிறத்தையும் மயில் முந்தியையும் நீதான் தேர்ந்தெடுத்தாய்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாய்யா?" என்றேன்.

சரோஜாதான் பதில் சொன்னாள். "எப்டிண்ணா சொல்றது? நெய்யவும் மனசு வரல, அறுக்கவும் மனசு வரல. ஆபீஸ்ல வந்து கேட்டா, உற்பத்தியில இருக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிக்கினு அழுவுது."

தேவகிக்குத் தெரிந்திருக்கிறது. முனுசாமிக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. நீ இந்த ஊருக்கே பிள்ளையாக இருந்திருக்கிறாய். அந்தப் பிரியத்தால் ஒரு தறி நின்றது, நின்ற தறிக்குப் பின்னால் இரண்டு கல்யாணம் நின்றது. கம்ப்யூட்டருக்கு இது எதுவும் தெரியாது. தினமும் காலையில் உன் பெயரைப் போட்டு, 'உற்பத்தியில்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆபீசுக்கு வந்து, "அந்த ஆர்டரை எடுத்துடும்மா" என்றேன். தேவகி தட்டினாள். ரத்து செய்யக் காரணம் கேட்டது மெஷின். அதில் ஏற்கெனவே இருக்கிற காரணங்களில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமாம். வாடிக்கையாளர் விரும்பவில்லை. முன்பணம் வரவில்லை. நிறம் பிடிக்கவில்லை.

"எதையாவது ஒண்ணு போட்டுடட்டுமா சார்?" என்றாள்.

நீ விரும்பவில்லையா கல்பனா? எதைப் போடுவது? "மூடி வைம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அரக்குதான் வேணும்னு அடம் புடிச்சதே அவதான். நெறம் புடிக்கலன்னு போட்டீங்கன்னா இந்த வீட்ல உங்களுக்குச் சோறு கெடையாது." அப்புறம், "அந்தத் தாமல் பொண்ணு இன்னா முந்தி கேட்டுது?" என்றாள்.

"யாளி."

"அதுக்கு எத்தினி நாள் ஆவும்?"

அவள் கேட்டதும்தான் எனக்கு உன் படம் புரிந்தது. அம்மா நேராக மேல் வரிசையிலிருந்து கேட்கிறாள். முகூர்த்தத்துக்கு முன் புடவை போய்ச் சேர வேண்டும். அதற்கு என்ன வேலை? முந்தி போட வேண்டும். அதற்கு என்ன தெரிய வேண்டும்? இந்த மூன்று பேரில் யாருக்கு முதலில் கல்யாணம் என்று. புடவை யாருடையது என்பதை முந்தி போடும் நாளில் முடிவு செய்தால் போதும். நாங்களோ ஆர்டர் எழுதும்போதே பெயரை ஒட்டிவிடுகிறோம். ஒட்டிய பெயரை அப்புறம் எடுக்க வழியில்லை. எத்தனை வீட்டுப் புடவை இப்படித் தாமதமாகியிருக்கும்?

மறுநாள் விடிந்ததும் முனுசாமி வீட்டுக்குப் போய், போர்த்திய துணியை நானே எடுத்தேன். "யாளி போடுய்யா. வளர்மதி முந்தி" என்றேன். சரோஜா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். முனுசாமி தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தான். சத்தம் கேட்கத் தொடங்கியதும் நான் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏற முடியவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன்.

இன்று காலை தாமல்காரர் புடவையை வாங்கிக்கொண்டு போனார். விரித்துப் பார்த்து, "அரக்குன்னு மட்டுந்தான் கேட்டோம், நெறம் சொக்க வைக்குதே சார், யாரு எடுத்த நெறம்?" என்றார். "வீட்லதான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனதும் 'வேண்டியது' படத்தின் முன்னால் நின்று, காலித் தாள்களில் என் கோழிக்கிறுக்கலில் எழுதினேன். 'பெயரை முந்தி போடும்போதுதான் ஒட்ட வேண்டும். முதலில் யார் முகூர்த்தம் என்று மெஷினுக்குத் தெரிய வேண்டும்.' நாலு வரிசையில் எது எந்த வரிசை என்று யோசித்து யோசித்துப் போட்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் சிரித்துக்கொள். நாளைக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். தாமல் புடவையின் கதையை மேலிருந்து கீழாகச் சொல்வேன். கேட்பார்களா, தெரியாது. தலைவர் கையில் அந்த மெட்ராஸ் கம்பெனியின் வழுவழுப்பான புத்தகம் இருக்கும். என் கையில் நீ விட்டுப்போன பேனா இருக்கும். படத்தைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வேன்? பயமாக இருக்கிறதம்மா.

மெஷினில் இன்னும் உன் பெயர் அப்படியே இருக்கிறது. தேவகியை எடுக்கவிடவில்லை. படத்தைக் கழற்றினால் வீட்டுச் சுவரில் ஒட்டியாவது மீதி இடத்தையும் நிரப்புவேன், இது சத்தியம். அந்த மெஷினில் உனக்குப் பொருந்துகிற ஒரு காரணத்துக்கு இடம் வைத்த பிறகு, என் விரலாலேயே உன் பெயரை எடுக்கிறேன். அதுவரை அது சொல்கிறபடியே இரும்மா. உற்பத்தியில்.

இப்படிக்கு,
வரிசையை மாற்றி ஒட்டிய
உன் அப்பா