காற்றை ஏற்றாத கடிதம்

மார்ச் 3

காலையில் எங்கள் ஃபேக்டரியிலிருந்து ஒரு லாரி நிறையப் பக்கெட் போனது. மதியம் மச்சான் ஆபீஸ் சாவியை என் மேசையில் வைத்தார். மனைவியின் அண்ணன். இத்தனை வருடமாக எங்கள் ஆங்கிலக் கடிதங்களை எழுதியவர். இனி சொந்தக் கம்பெனியாம், அதே பக்கெட் வியாபாரம். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"மாப்ள, அந்தப் பெரிய பார்ட்டி என் கையெழுத்தத்தான் பாத்திருக்கான். உங்கள அவனுக்குத் தெரியாது."

உண்மைதான். அதுதான் எரிகிறது.

மார்ச் 5

பெரிய பார்ட்டியின் மெயில். என்னையும் மச்சானையும் தனித்தனியே கேட்டிருக்கிறார்: அடுத்த வருடச் சரக்கை ஏன் உங்களிடம் வாங்க வேண்டும்? ஒரே பக்கத்தில், இருபதாம் தேதிக்குள் எழுதுங்கள். எங்கள் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது. அவர் போனால் ஒரு மெஷினை நிறுத்த வேண்டியதுதான்.

ஆள் வைத்து எழுதலாம். ஆள் வைத்து எழுதித்தானே இந்த நிலை? நானே எழுதுகிறேன்.

மார்ச் 8

என் இங்கிலீஷ் துறைமுகத்தில் பேசிப் பழகியது. பேச்சில் ஓடும், எழுத்தில் நொண்டும். வீட்டுக்காரி ஆங்கில நாவலாகப் படித்துத் தள்ளுகிறவள். அவளிடம் காட்டினேன். 'திஸ் பக்கெட் இஸ் ஸ்ட்ராங். திஸ் பக்கெட் இஸ் லைட். திஸ் பக்கெட் ஹேஸ் எ லிட்.' பக்கம் முழுக்க இப்படியே.

"வரிக்கு வரி பக்கெட்டா? ஒரு தடவ சொன்னா அந்த ஆள் மறந்துடுவாரா? சேத்து எழுதுங்க" என்றாள்.

அண்ணனுக்கு ஏத்த தங்கச்சி என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

மார்ச் 9

பக்கெட், பக்கெட், பக்கெட். அவள் சொல்வது சரிதான், சனியன்.

மார்ச் 12

சேர்த்துவிட்டேன். முழுப் பக்கமும் ஒரே வாக்கியம் — 'அண்ட்', 'விச்', 'பிகாஸ்' போட்டு இழுத்துத் தைத்தது. பெருமையாக நீட்டினேன். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

"ஏறிட்டேன். எங்க இறங்கறதுன்னு சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 14

கோடவுனில் ரகளை. புது ஆள் பக்கெட்டுகளைக் கூரை உயரத்துக்கு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிட்டார். அடியில் இருப்பவை இறுகிப்போய், இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. நான் கத்தினேன்.

"தனித்தனியா வச்சா லாரியில காத்துதான் போகும். ஒரேயடியா செருகினா வாங்கறவனால உருவ முடியாது. அஞ்சுக்கு ஒரு அட்டை வைய்யா, எத்தன தடவ சொல்றது?"

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. யாரைத் திட்டுகிறேன்? முதல் கடிதத்தில் காற்றை ஏற்றினேன். இரண்டாவதில் உருவ முடியாமல் செருகினேன். வியாபாரத்தில் தெரிந்தது பேனாவில் தெரியவில்லையே.

நேராக மேசைக்கு வந்தேன்.

மார்ச் 15

பிடிபட்டுவிட்டது. 'திஸ் பக்கெட் இஸ் லைட் பட் ஸ்ட்ராங், அண்ட் இட் ஹேஸ் எ லிட்.' மூன்று வாக்கியம் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தது. அட்டை வைக்கிற இடத்தில் முற்றுப்புள்ளி.

எல்லாவற்றையும் சேர்க்கவும் இல்லை. போன வருடம் லாரி கவிழ்ந்தபோது அவர் கேட்பதற்கு முன்பே புதுச் சரக்கு அனுப்பியதை ஒரே வாக்கியத்தில் அடக்கினேன். அதன் பின்னால் குட்டியாக ஒன்று: 'ஐ லோடட் இட் மைசெல்ஃப்.' அதைச் சேர்க்க மனமில்லை. தனியே நிற்கட்டும்.

வீட்டுக்காரி இரண்டு முறை படித்தாள். "இனிமே இதத் தொடாதீங்க" என்றாள். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 27

ஜெயித்தோம்! ஒரு வருடம் கேட்டால் இரண்டு வருடத்துக்குத் தந்திருக்கிறார். மெயிலில் எழுதியிருக்கிறார்: இத்தனை வருடம் கடிதம் எழுதியவரை எனக்குத் தெரியும், சரக்கு ஏற்றியவரை இப்போதுதான் தெரிந்தது.

இரண்டு மெஷினும் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் நின்று அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். இதை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ஏப்ரல் 11

மச்சான் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார், ஊர்க்கதை பேசினார். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புதுப் பார்ட்டிக்கு எழுதியதாம்.

"மாப்ள, ஒரு தடவ பாத்துக் குடுங்களேன்."

முதல் பத்தியிலேயே அவர் கம்பெனி பெயர் நான்கு இடத்தில். அவர் தங்கை உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.