காவேரியின் பால்பல் பேப்பர்

12-6-2003
உத்தனப்பள்ளி

காலையில் தூறல். ராகி விதைக்கலாமா என்று மகன் வெங்கடப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் தீப்பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் பெண் காவேரி பெங்களூரில் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள். நம் பக்கத்து போர்த் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் என்ன செய்கிறது என்பதுதான் அவள் வேலை. அதற்கு விழுந்த பால்பற்கள் வேண்டுமாம். இங்கே பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவோம். யார் கொடுப்பார்கள்? வீடு வீடாகப் போய்க் கேட்டேன்.

"கூரை மேல போடலன்னா புதுப்பல்லு மொளைக்காது பெரியம்மா" என்றாள் ஒருத்தி.

"மொளைக்கலன்னா எங்கிட்ட வா, எம் பேத்தியை வெச்சுப் பொய்ப்பல்லு கட்டி விடறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

ஒரு தீப்பெட்டிக்கு ஒரு பிள்ளையின் பல். மேலே பிள்ளை பெயர், அப்பா பெயர், தெரு. எல்லாம் என் கையெழுத்து. என் கொழுந்தன் கங்கப்பன் எட்டிப் பார்த்து, "பல்லு பொறுக்கறதுக்கா அண்ணி உம் பேத்திக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க?" என்றான்.

"உன்னுது எப்ப விழும்னு சொல்லு, ஒரு பெட்டி எடுத்து வைக்கிறேன்."

3-11-2003

தீபாவளிக்கு வந்த காவேரி இன்றுதான் கிளம்பினாள். அவள் வேலை தற்காலிகம்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் பேப்பர் எழுத வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் படிக்கும் பத்திரிகையில் அது வர வேண்டும். அதோடும் முடியவில்லையாம்.

"வந்தா மட்டும் பத்தாது ஆயா. அதைப் படிச்ச வேற ஒருத்தர், அவர் எழுதறப்ப, காவேரி இப்படிச் சொல்லியிருக்கான்னு பேர் போட்டு எழுதணும். எத்தனை பேர் அப்படி எழுதறாங்கன்னு எண்ணுவாங்க."

"நீ இல்லாத எடத்துல உன் பேச்சை உன் பேர் சொல்லிப் பேசணும். அப்படித்தான?"

"அதேதான்."

"எங்க ஊர்ல அதுக்கு மொதல்ல சாவணும்டி."

பஸ் ஏறும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இதுவரை நாலு பேப்பர் எழுதியிருக்கிறாள். அதிகம் பேர் எடுத்துச் சொல்லவில்லை. இந்தப் பால்பல் பேப்பரைத்தான் நம்பியிருக்கிறாள்.

20-2-2004

பேப்பரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெங்கடப்பன்தான் போனில் கேட்டுச் சொன்னான். ஒரே ஊர், ஒரே போர்த் தண்ணீர். ஆனால் சில பிள்ளைகளின் பல்லில் ஃப்ளோரைடு நிறைய இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு ரொம்பக் குறைவு. பற்களைச் சேகரித்த இடத்தில் குளறுபடி நடந்திருக்க வேண்டும் என்று ரெண்டே வரி எழுதியிருக்கிறார்கள்.

சேகரித்தது யார்? நான்.

21-2-2004

தூக்கமில்லை. பெட்டியை மாற்றி எழுதிவிட்டேனா? அம்மாசைத் தெருவில் ஒரே பெயரில் ரெண்டு பையன்கள் — இல்லை, அப்பா பெயர் போட்டேனே. இல்ல, போட்டனா? அஞ்சாங்கிளாஸ் படிச்சவகிட்ட எதுக்கு இந்த வேலைய குடுத்தா? அவ வாழ்க்கைய நானே கெடுத்துட்டனா?

போனில் காவேரி பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்ட்டியா ஆயா" என்றாள். கேட்டிருந்தால் தேவலாம்.

9-4-2004

வேறொரு பத்திரிகையும் அதையே சொல்லித் திருப்பிவிட்டது.

23-5-2004

கங்கப்பனின் மருமகள் அனிதாவுக்கு இன்று வளைகாப்பு. ஏழாம் மாதம். தளி ஊர்ப் பக்கத்திலிருந்து அவளுடைய தாய்வீட்டார் வேன் வைத்துக்கொண்டு அழைத்துப் போக வந்திருந்தார்கள். காவேரி ஒருநாள் லீவில் வந்தாள். கங்கப்பன் பந்தியில் எல்லோர் முன்னாலும், "எங்க காவேரிக்கு முப்பது ஆச்சு, இன்னும் பாடம் முடியல" என்றான். அவள் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கு அவன் இலையில் ரசத்தைக் கொட்டலாம்போல இருந்தது.

அனிதாவின் துணிப்பையை வேனில் ஏற்றினார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்த காவேரி திடீரென்று, "இவங்க எப்பத் திரும்பி வருவாங்க?" என்றாள்.

"தலைச்சன் பிரசவம் எங்க வூட்டுலதான கண்ணு" என்றாள் அனிதாவின் அம்மா. "கொழந்தைக்கு அஞ்சு மாசம் ஆவட்டும், கொண்டாந்து விடறோம்."

"அதுவரைக்கும் இவங்க குடிக்கிறது உங்க ஊர்த் தண்ணியா?"

பந்தியே சிரித்தது. "பின்ன, இங்கிருந்து கொடத்துல தூக்கினு போவாங்களா?" என்றான் கங்கப்பன்.

காவேரி சிரிக்கவில்லை. பாயசத்தை அப்படியே விட்டு எழுந்துவிட்டாள். இலையில் வைத்ததை விட்டு எழுவது அவள் வழக்கமில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்று கை கழுவாமலேயே கேட்டாள்: "ஆயா, பல்லு குடுத்த பசங்கள்ல யார் யார் தலைச்சன்?"

பால்பல் அம்மா வயிற்றிலேயே உருவாக ஆரம்பித்து, பிறந்து ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடுமாம். தலைச்சனுக்கு, பல் உருவாகும் அந்த மாதங்களில் பாதி தாய்வீட்டில். அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, இங்கேயே பெற்றுக்கொள்கிறார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனால் ஒரே ஊர்த் தண்ணீரில் உருவான பற்கள் இல்லை.

"நானும் இதே ஊர்ல வளந்தவதான். எனக்கு இது தோணல பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையெல்லாம் சாம்பார்.

6-6-2004

ரெண்டு வாரமாக, லீவு கிடைத்த நாளெல்லாம் காவேரியும் நானும் வீடு வீடாகப் போனோம். எத்தனையாவது பிள்ளை, தாய்வீடு எந்த ஊர், அங்கே கிணறா போரா, எத்தனை மாதம் இருந்தாய்? பெண்களுக்குத் தாய்வீட்டுப் பேச்சை எடுத்துவிட்டால் போதும். ஒருத்தி அழுதேவிட்டாள். ஒருத்தி மாமியாரைத் திட்டுவதற்கு இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டாள்.

19-8-2004

ஒத்துப்போகிறது! தாய்வீட்டில் நல்ல கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களின் தலைச்சன் பிள்ளைகளுக்குத்தான் குறைவு. அந்தச் சில மாதம் நல்ல தண்ணீர் கிடைத்தாலே குழந்தைக்கு வித்தியாசம் தெரிகிறது.

"உன் பெட்டி எல்லாம் சரி ஆயா. ஒண்ணுகூட மாறல" என்றாள் காவேரி போனில். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். என்ன எடுக்க வந்தேன் என்று மறந்துவிட்டது.

2-5-2005

பேப்பர் வந்துவிட்டது. அச்சடித்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். எல்லாம் இங்கிலீஷ். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறதாம். விரல் வைத்துக் காட்டினாள். ரெண்டு நாள் அந்தத் தாளை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

14-1-2006

யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இன்னும்.

30-4-2006

ஒருத்தர் எடுத்துச் சொல்லியிருக்கிறாராம். யார் என்றேன். "நானேதான் ஆயா, என் அடுத்த பேப்பர்ல." தன் பேரைத் தானே சொன்னால் கணக்கில் சேராதாம். நியாயம்தான். அப்படிச் சேருமென்றால் கங்கப்பன்தான் இந்த ஜில்லாவிலேயே பெரிய ஆராய்ச்சிக்காரன்.

சிரித்தோம். ஆனால் அவள் குரலில் சத்தில்லை. அடுத்த வருஷத்தோடு வேலை முடிகிறது. அதற்குள் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழு கூடும். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் இவளை எடுக்கமாட்டார்களே.

8-10-2006

குஜராத்தில் ஒரு டாக்டர் அம்மா எடுத்துச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தானாம். அவர்களும் இப்படித்தான், கணக்கு ஒத்துப்போகாமல் முழித்துக்கொண்டிருந்தார்களாம். காவேரியின் பேப்பரைப் பார்த்துத்தான் விளங்கியதாம். அதை அப்படியே எழுதியிருக்கிறார். குஜராத் எந்தப் பக்கம் என்று வெங்கடப்பனிடம் கேட்டேன். வடமேற்கே கையைக் காட்டினான். அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

17-3-2007

இப்போது பதினொரு பேர். அதில் ஒருவர் சீனாக்காரர். ஒருவர் எதிர்த்து எழுதியிருக்கிறார். அதுவும் கணக்கில் சேருமாம். திட்டினாலும் பேர் சொல்லித் திட்டினால் போதும் என்கிறாள். நல்ல ஊர்.

அடுத்த வாரம் தேர்வுக் குழு.

26-3-2007

நேர்காணலில் பால்பல் பேப்பரைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கேட்டார்களாம். பேப்பர் எண்ணிக்கை போட்டிக்கு வந்த மற்றவர்களுக்குத்தான் அதிகமாம். பார்ப்போம்.

11-6-2007

வேலை நிரந்தரம். வெங்கடப்பன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து போனைப் பிடுங்கினான். நான் திட்டவில்லை.

கங்கப்பன் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். "எங்க காவேரி அன்னிக்கி வளைகாப்புல எழுந்து போனப்பவே எனக்குத் தெரியும் அண்ணி" என்றான். ரெண்டு எடுத்துக்கொண்டேன்.

4-9-2008

காவேரி போன் பண்ணினாள். சலித்துக்கொண்டாள். யாரோ எழுதிய பேப்பரைப் போடலாமா வேண்டாமா என்று ஒரு பத்திரிகை இவளைக் கேட்டிருக்கிறதாம். யார் எழுதியது என்றுகூடச் சொல்லமாட்டார்களாம்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"கணக்கு ஒத்துப்போகல ஆயா. திருப்பித்தான் அனுப்பணும். ஆனா உள்ள ஏதோ இருக்கு. அதான் எங்கெங்க போய்க் கேட்கணும், என்னென்ன பார்க்கணும்னு எழுதிட்டிருக்கேன். நாலு பக்கம் ஆயிடுச்சு."

"சாப்ட்டியா?"

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு" என்று போனை வைத்துவிட்டாள்.