சபைக் கடிதத்தில் இருந்த பெண்

வேலம்பாளையம்,
14.3.2005

அன்புள்ள கண்ணு பிரிசில்லாவுக்கு, உன் சித்தப்பா ராசப்பன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையில் நானும் உன் சித்தி மருதாளும் பிரதீப்பும் இங்கே சுகம், பாளையங்கோட்டை விடுதியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் பிளஸ் டூ பரீட்சையை எழுதிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். பனியன் கம்பெனியில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. போன வாரம் சரக்குப் பார்க்க வந்த ஜெர்மனி பையர் நேராக என் பேக்கிங் டேபிளுக்குத்தான் வந்தார், முதலாளி பின்னால் நிற்கிறார், இவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி இங்கிலீஷில் பேசினார், நானும் இங்கிலீஷிலேயே பத்து நிமிஷம் பதில் சொன்னேன். பிரதீப்பைக் கேட்டால் அப்பா எஸ் எஸ் என்று மட்டும்தான் சொன்னார் என்பான். அவன் கம்ப்யூட்டர் ரூமுக்குள் உட்கார்ந்து பார்கோடு அடிக்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்.

நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய சபைக் கடிதம் ஏன் இன்னும் வரவில்லை என்று நீ இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டாய், இரண்டு தடவையும் நான் போனை உன் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். நடந்தது இதுதான். நம் போதகர் ஐயா மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, உன்னைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பார்த்ததோடு சரி. அதனால் என்னைக் கூப்பிட்டு, புள்ள சபைக்கும் சனங்களுக்கும் என்ன ஊழியம் செஞ்சிருக்குதுங்க, அந்தக் கல்லூரியில அதைத்தான் மொதல்ல பாப்பாங்க என்றார். அண்ணன் போன பிறகு உன்னை வளர்த்தவன் நான், என்னைவிட யார் சொல்ல முடியும். ஓய்வுநாள் பள்ளியில் அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள் என்றேன். எந்தக் கம்பெனியில் யார் விரலில் மிஷின் ஊசி ஏறினாலும் நம் வீட்டுக்குத்தான் ஓடி வருவார்கள், இவள்தான் கட்டுப் போடுவாள் என்றேன். கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் வயிற்றுப்போக்கு பரவியபோது நாலு நாள் தூங்காமல் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்து நாற்பது பேரைக் காப்பாற்றினாள் என்றேன். சொல்லச் சொல்ல நன்றாகத்தான் வந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு பக்கம் முழுக்க எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

அதைப் பிரதீப் தமிழில் வாசித்துக் காட்டினான். உன் சித்தி அவரைக்காய் ஆய்ந்தபடி கடைசி வரை கேட்டுவிட்டு, இதுல இருக்கறது யாரு ஊட்டுப் புள்ளைங்க, நம்மூட்டுல அப்படி ஒருத்தி இல்லீங்களே என்றாள். எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான், மனப்பாடம் பண்ணிக்கொள்ளச் சொல்லிக் கூடவே ஒரு தாள் அனுப்பினால் தீர்ந்தது என்றேன். இன்டர்வியூன்னு அங்க மூணு நாளு பக்கத்துலயே வெச்சுப் பாப்பாங்கன்னு கண்ணு சொன்னாளே, ஒரு சொம்புத் தண்ணிக்கு எத்தனை உப்புன்னு கேட்டா என்ன சொல்றது, நீங்க சொல்லுங்க பாப்போம் என்றாள். ஒரு கைப்பிடி என்றேன். அத்தனை உப்பைக் குடிச்சா நல்லா இருக்கறவனும் போய்ச் சேந்துருவானுங்க என்றாள். பெட்டிமேல் லார்ஜ் என்று ஒட்டி உள்ளே ஸ்மால் வைத்தால் கப்பல் ஏறின சரக்கும் திரும்பி வந்துவிடும், இருபது வருஷமாகப் பெட்டி கட்டுகிற எனக்கு அது தெரியாதா. அங்கே கேட்கும்போது நீ ஆமாம் என்றால் உன் பேச்சு பொய், இல்லை என்றால் போதகர் எழுதினது பொய், எப்படிப் பார்த்தாலும் சீட் போய்விடும்.

மறுநாள் போய், அளவு கொஞ்சம் கூடிப்போச்சுங்க ஐயா என்றேன். எவ்வளவுங்க என்றார். முழுசும்தானுங்க என்றேன். அவர் கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகு, செரிங்க ராசப்பன், நெசமா அந்தப் புள்ள செஞ்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும் என்றார். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் பேச்சில் என்னை மடக்க இந்த வேலம்பாளையத்தில் ஆள் கிடையாது. அன்றைக்கு மட்டும், வீட்டில் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வந்து உன் சித்தியைக் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். போன வருஷம் ஏப்ரல், மே லீவில் திங்கள், புதன், வெள்ளி என்று பக்கத்து வீட்டுச் சாமியாத்தாளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், டி.பி. மாத்திரையை நர்சு முன்னால் விழுங்க வைத்து அழைத்து வந்தாயாமே. கம்பெனிக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அவர் பாதியில் விட்டுவிடப் பார்த்தாராம். என்னிடம் தையல் கிளாஸ் என்றீர்கள், நானும் நம்பி நாலு பேரிடம் சொன்னேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்ககிட்டச் சொன்னா மத்தியானச் சோத்துக்குள்ள பேக்கிங் செக்ஷன் பூராத் தெரிஞ்சுருமுங்க, கண்ணுதான் சொல்ல வேண்டாம்னு சொல்லுச்சு என்றாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

சாமியாத்தாளைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று உன் சித்தியை அனுப்பிக் கேட்டோம். பேரு மட்டும் வேண்டாமுங்க, புள்ளைக்கு எடம் கெடைச்சாச் செரி என்றாராம். போதகர் வேறு கடிதம் எழுதிவிட்டார். நோயாளி ஒருவரை இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் மருந்துக்கு அழைத்துச் சென்றாள், அவருடைய பெயரை இங்கே எழுத இயலாது, இவ்வளவுதான், இரண்டு வரி. பார்க்கக் குறைச்சலாகத்தான் இருந்தது, இன்னும் ஒரு வரி போடச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

இத்துடன் அதைப் பதிவுத் தபாலில் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றாம் தேதிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், போட்டோவின் மேல் தலைமை ஆசிரியை கையெழுத்து வாங்க மறக்காதே. கண் விழித்துப் படிக்கிறேன் என்று சாப்பாட்டை விடாதே. கர்த்தர் நீ போகிற இடத்தில் உனக்கு முன்னால் போவார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

சாமியாத்தாள் என் டேபிளில்தான் பீஸ் மடிக்கிறார். நன்றாகச் சதை போட்டிருக்கிறார். நேற்று முன்தினம் அவரோடு மடிக்கிறவர்கள், என்னக்கா, ஊட்டுல தெனமும் கறியாக் காச்சறீங்களா என்று கிண்டல் பண்ணினார்கள். நான் எதிரே நின்று பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் விஷயம் எனக்குத் தெரிய வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
ஆ. ராசப்பன்,
பேக்கிங் இன்சார்ஜ்.