நீ கை காட்டிய சிறுத்தை

நேற்று பரண் மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, வாசலில் கவிழ்த்துத் தட்டினேன். உன் கிளவுஸ் விழுந்தது. வலது கைக்கான ஒற்றைக் கையுறை. ஆரஞ்சு நிறம் வெளுத்துப் பழைய செங்கல் மாதிரி ஆகியிருக்கிறது. விரல் நுனியில் கிரீஸ் கறை மட்டும் அப்படியே இருக்கிறது. மோந்து பார்த்தேன். கிரீஸ் வாசமும் இல்லை, கென்யா வாசமும் இல்லை, அந்துருண்டை வாசம்தான் வந்தது.

பெட்டி உன் மகளுக்கு. பவானிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. நீ போன பிறகு வந்த சேதி என்பதால் உனக்குத் தெரியாது. "புதுசு எதுக்கு மாமா, உங்களாண்ட அந்த ஆப்பிரிக்கா பொட்டி கீதே" என்று போனில் கேட்டாள். பேச்சில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் வருகிறேன் என்றாள். அதற்குள் துடைத்து வெயிலில் வைக்கலாம் என்றுதான் இறக்கினேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நான் மேலே கிரேன் கேபினில், நீ கீழே சிக்னல். இரும்பை உருட்டும் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. எல்லாம் கைதான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கட்டை விரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகர்த்து. உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினால் நிறுத்து. நிறுத்து என்றால் அந்தக் கை இறங்கும் வரை அசையவே கூடாது. கேபினிலிருந்து பார்த்தால் பாதி ஷெட் மறைந்துவிடும் என்பதால் ஆலை முழுக்கத் தெரியட்டும் என்று உனக்கு மட்டும் ஆரஞ்சு கிளவுஸ்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுமை எங்கே போகிறது என்று நான் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டேன். மதியம் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாய். "கீய இன்னா நடக்குதுன்னு பாக்கத்தான் நான் கீறேன். நீ என் கையப் பாரு நைனா. வேற எங்கியும் பாக்காத." பெரியவன், சின்னவன், மானேஜர் எல்லோரும் உனக்கு நைனாதான். அன்றிலிருந்து உன் கையைப் பார்த்தேன். வேறெங்கும் பார்க்கவில்லை.

கென்யாவில் புது ஆலை நிறுவப் போகிறோம் என்று ஆள் எடுத்தபோது நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள். நைரோபிக்கு வெளியே தகரக் கொட்டகையும் மெஸ்ஸுமாக அரை வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நீ புளியோதரைப் பொடியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாய். எனக்கு ஒரே ஒரு ஆசை. சிறுத்தையைப் பார்க்க வேண்டும். வண்டலூருக்கு இரண்டு தடவை பஸ் பிடித்துப் போய், கூண்டின் முன்னால் கால் கடுக்க நின்று, பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பியவன் நான். அது பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றுவிட்டது. கூண்டு இல்லாத ஊருக்கு வந்திருக்கிறோம், இங்கேயும் பார்க்காவிட்டால் இந்தப் பிறவியில் இல்லை என்று உன்னிடம் புலம்பினேன்.

"ஞாயித்திக்கிழம ஒரு நாளுதான் தூங்க வுடறான். அதுலயும் பேஜாரு பண்ற" என்று திட்டிக்கொண்டே கிளம்பினாய். எழுந்து நின்று பார்க்கக் கூரையைத் தூக்கிவிடும் வேன். டிரைவர் காமாவ், சிரித்த முகக்காரன். விடியலில் அங்கே அப்படிக் குளிரும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? நீ ஸ்வெட்டருக்கு மேல் யூனிஃபார்ம் சட்டையைப் போட்டு, கைக்கு வேறு ஒன்றும் இல்லாமல் அந்த ஆரஞ்சு கிளவுஸை மாட்டிக்கொண்டு வந்தாய். இடது கை பாக்கெட்டில்.

யானை பார்த்தோம். எருமைக் கூட்டம் பார்த்தோம். ஒட்டகச்சிவிங்கி தலையைத் திருப்பி நம்மைப் பார்த்தது. புல்லில் மல்லாந்து கிடந்த சிங்கத்தைப் பார்த்துவிட்டு, "நைட் ஷிப்டு முடிச்சிக்கினு வந்தவன் மாரி தூங்குது பாரு" என்றாய். நான் ஒவ்வொரு மரமாகத் துழாவிக்கொண்டிருந்தேன். ஓடைக்கரையில் ஒரு வளைவில் காமாவ் வேனை நிறுத்தி, உதட்டில் விரலை வைத்தான். பேசினால் ஓடிவிடும் என்று அர்த்தம்.

நீ முன்னால் நின்றிருந்தாய், நான் பின் சீட்டுக்குப் பக்கத்தில். நீதான் முதலில் பார்த்தாய். வாயைத் திறக்கக் கூடாது. சட்டென்று என் பக்கம் திரும்பி ஆரஞ்சு கையைத் தூக்கினாய். விரல் சுழன்றது: மேலே. கட்டை விரல்: இடது பக்கம். இன்னும் கொஞ்சம், மெதுவாக. பிறகு உள்ளங்கை கவிழ்ந்து நீண்டது: நிறுத்து.

நிறுத்தினேன். அடுத்த சைகைக்காகக் கையைப் பார்த்தபடி நின்றேன். என் இரண்டு கைகளும் இல்லாத கிரேன் லீவரைப் பிடித்துக்கொண்டிருந்தன. பின்னால் எங்கோ கிளை ஆடிய சத்தம் கேட்டது. நீ கையை இறக்கினாய். உன் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"பாத்தியா?"

"எத?"

"டேய்! மரத்துலடா! சிறுத்தடா! தோ இப்பதான குதிச்சி ஓடிச்சி!"

"நீ நிறுத்துன்னு காட்டினியே."

"சிறுத்த அங்க கீதுன்னு காட்டனேன்டா! என் கையில இன்னாடா கீது, பாத்துக்கினே நிக்கற?"

காமாவுக்கு நீ உன் இங்கிலீஷில் விளக்கியதும் அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். நீயும் சிரித்தாய். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, உன்னிடம் காட்டவில்லை. மெஸ்ஸில் சொன்னாய், சைட்டில் சொன்னாய், ஊருக்கு வந்ததும் ஆரம்பாக்கம் டீக்கடையில் நடித்தே காட்டினாய். "சிறுத்தயக் காட்டனா என் கையப் பாக்கறாம்பா." இங்கே எனக்கு சஃபாரி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று நீ யாரிடமும் சொன்னதில்லை. ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலே காமாவை வரச் சொல்லியிருந்தாய். வேனில் ஏறும் முன் கிளவுஸைக் கழற்றி என் பெட்டிக்குள் போட்டாய். "இது உன்னாண்டயே இருக்கட்டும். இது இருந்தாதான நீ இதையே பாப்ப." அன்றைக்கு முழுக்க, அந்தக் குளிரில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வளைவு வரும்போதெல்லாம் வாயால் மட்டும், "தோ அந்த மரம் பாரு, தோ இந்த மரம் பாரு" என்று கிசுகிசுத்தாய். பொழுது சாய்ந்தது. ஒரு சிறுத்தையும் வரவில்லை. "வுடு நைனா, அதுக்கு இன்னிக்கி லீவு" என்றாய். கை மரத்துப்போய், இறங்கும்போது கதவைத் திறக்க உன்னால் முடியவில்லை. நான்தான் திறந்துவிட்டேன்.

போன ஆடியில் காலை நாஷ்டா சாப்பிட உட்கார்ந்தவன் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாய். நான் வந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் பழக்க தோஷத்தில் கையைத்தான் பார்த்தேன். ஒரு சைகையும் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, உன் மேல் கோபம்தான் வந்தது. ஆலையில் இப்போது வாக்கிடாக்கி கொடுத்திருக்கிறார்கள். எவனெவனோ காதுக்குள் பேசுகிறான்.

சாயங்காலம் பவானி ஸ்கூட்டியில் வந்தாள். திண்ணையின் மேல் கிளவுஸைப் பார்த்ததும் பெட்டியை மறந்துவிட்டாள்.

"இதான் அதுவா மாமா? அப்பா அந்தக் கதய சொல்லாத நாளே இல்ல. ஆனா இன்னா சிக்னல் காட்டனன்னு கேட்டா மட்டும் செய்ய மாட்டாரு. அத உங்க மாமனக் கேளு, அவன்தான் ஒழுங்கா பாத்தான்னுவாரு."

நீ அப்படியா சொன்னாய்? என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லையே. தண்ணீர் குடிப்பது போல உள்ளே போய்விட்டு வந்தேன்.

"செஞ்சி காட்டுங்க மாமா" என்றாள்.

கிளவுஸை மாட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெரிது. அவள் எதிரே நின்று கையைத் தூக்கினேன். மேலே. இடது பக்கம். இன்னும் கொஞ்சம், மெதுவாக. நிறுத்து.

உன் மகள் என் கையைப் பார்க்கவில்லை. கட்டை விரல் காட்டிய பக்கம் திரும்பி, முருங்கை மரத்தின் உச்சிக் கிளையை அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஒரு காக்கை உட்கார்ந்திருந்ததாம், அவள்தான் சொன்னாள். எனக்குத் தெரியாது. நான் ஆரஞ்சு கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய இறக்குங்க மாமா, காக்கா போயிடுச்சி" என்றாள் பவானி.

பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொடுத்தேன். வண்டியைக் கிளப்பும்போது, "அந்தக் கிளவுஸ எனக்குத் தாங்க மாமா, அப்பாவுது" என்று கை நீட்டினாள். நியாயப்படி அவளுக்குத்தான் சேரும்.

"உங்கப்பன் என்னாண்ட குடுத்து வெச்சது. அவன் வந்து கேட்டா குடுக்கறேன்" என்றேன்.